வெறுங்கையோடு போவது

தம்பி, நான் முதலில் பார்த்தது அந்த ரிப்பனைத்தான். சின்னராசு சித்தப்பாவின் இரும்புக் கட்டிலில், தலைமாட்டுக் கம்பியில் அதன் ஒரு முனை கட்டியிருந்தது. மறுமுனை அடுக்களைக் கதவில் தொங்கிய தூக்குப்போணியின் கைப்பிடியில் இருந்தது. போணிக்குள் ஒரு கரண்டி கிடந்தது. நடுவில் ஒரு முடிச்சு, ஏனென்றால் அது ஒரு ரிப்பன் இல்லை, இரண்டு. மடித்துக் கட்டுகிற இரட்டைச் சடைக்குப் பக்கத்துக்கு ஒன்றாகப் பள்ளிக்கூடத்தில் கட்டச் சொல்வார்களே, அந்த ஊதா ரிப்பன்கள். தென்னை மரத்திலிருந்து விழுந்ததிலிருந்து சித்தப்பாவுக்கு வலது கை மட்டும்தான் கொஞ்சம் அசைகிறது. குரலும் இறங்கிவிட்டது, கூப்பிட்டால் அடுக்களைக்குக் கேட்காது. அதனால் ரிப்பனை இழுப்பார், போணிக்குள் கரண்டி ஆடும், அவர் மகள் கார்த்திகா ஓடி வருவாள். யோசித்துச் செய்த ஏற்பாடுதான். ஆனால் அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, வெயில் ஏறிய நேரம். அந்த நேரத்தில் அந்த ரிப்பன்கள் எங்கே இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

நீ கோயம்புத்தூர் பஸ் ஏறிப் போன அடுத்த வாரம் இது நடந்தது. முதல் நாள் ராத்திரி நல்ல மழை. ஈரத்தோடு திராட்சையை வெட்டினால் டிரேயிலேயே அழுகிவிடும் என்று தோட்டத்தில் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நான் வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தபோது ஒரு ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவர் ரோசம்மா சிஸ்டர். உனக்கு மறந்திருக்காது, அம்மாவுக்குப் புண் கட்ட வருவாரே, அதே சிஸ்டர்தான். குமுளியில் பிறந்து சின்னமனூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். இத்தனை வருசம் ஆகியும் மலையாளம் போகவில்லை; என்னைப் பார்த்ததும், “மோளே, நீ வளர்ந்து போயல்லோ” என்றார். சின்னராசு வீடு எது என்று கேட்டார். காட்டுவதற்காகத்தான் கூடப் போனேன். நம் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. அவர் விழுந்த புதிதில் நீயும் நானும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். அதற்குப் பிறகு நான் அந்தப் படியை மிதிக்கவில்லை.

அம்மா உயிரோடு இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை அவள்தான் எழுதியிருப்பாள். மகன் முதல்முதலாக வெளியூர் வேலைக்குப் போகும்போது தாய் சொல்ல வேண்டியது சில இருக்கும். அதைச் சொல்ல நம் வீட்டில் வேறு ஆள் இல்லை. அப்பாவுக்கு மேகமலை எஸ்டேட் லயத்து வீட்டிலிருந்து இறங்கி வரவே நேரமில்லை, வந்தாலும் பேசுகிற ஆள் இல்லை. உனக்கும் எனக்கும் ஒன்றரை வயதுதான் வித்தியாசம். ஆனால் உனக்கு டிபன் கட்டிக் கொடுத்ததும், ஐ.டி.ஐ. சேர்க்கையின்போது பெற்றோர் நிற்க வேண்டிய வரிசையில் நின்றதும் நான்தான். நீ கேலியாக என்னை “ஆத்தா” என்று கூப்பிட ஆரம்பித்து, பிறகு கேலி போய் அதுவே என் பெயராகிவிட்டது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ரோசம்மா சிஸ்டர் கேட்டால், படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் அவர்கள் குழுவிலும் இதைப் படிக்கக் கொடுப்பேன். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று உனக்குத் தெரியும். உன்னிடம் பேசுவதுபோல எழுதினால்தான் எனக்கு வரும். பக்கத்தில் நின்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

அம்மா படுத்த முதல் மாதம் நம் வீடு எப்படி இருந்தது என்று நினைத்துப் பார். மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கேள்விப்பட்ட எல்லாரும் பார்க்க வந்தார்கள். ஒருத்தரும் சும்மா வரவில்லை. பிரெட் பாக்கெட், சாத்துக்குடி, சத்துமாவு டப்பா. அலமாரியில் இடமில்லாமல் டிவிக்கு மேலே அடுக்கினோம். அம்மாவால் கஞ்சித் தண்ணீரைத் தவிர எதையும் விழுங்க முடியாது. நீ பிரெட்டைப் புளிக்குழம்பில் முக்கித் தின்றாய், ரசத்தில் முக்கித் தின்றாய், கடைசியில் பிரெட் என்று சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாய். வந்தவர்களுக்கெல்லாம் நான் காப்பி போட்டேன். காப்பித்தூளும் சீனியும் பாலும் எங்கிருந்து வரும் என்று வந்தவர்கள் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள், அவர்கள் மீது தப்பில்லை. நாம்தான் பிரிக்காத டப்பாக்களைப் பையில் போட்டு முக்குக்கடைக்குக் கொண்டு போனோம். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது நான் வித்த டப்பாதாம்த்தா. போன வாரம் ஒங்க மாமாதான் வாங்கிட்டுப் போனாக” என்று சொல்லிச் சிரித்தார். ஆனால் எடுத்துக்கொண்டு அரிசி கொடுத்தார். அந்த அரிசியைச் சுமந்துகொண்டு வரும்போது நீ கேட்டாய், “மாமா நேரா அரிசியவே வாங்கிட்டு வந்திருக்கலாம்ல ஆத்தா?” வந்திருக்கலாம்தான். ஆனால் நோயாளியைப் பார்க்கப் போகிற வீட்டுக்கு யாராவது அரிசி கொண்டு போவார்களா? அது அந்த வீட்டை இல்லாதவர்கள் என்று சொல்வதுபோல ஆகிவிடும் என்று நம் ஆட்களுக்கு ஒரு பயம்.

இரண்டாம் மாதம் வருகை குறைந்தது. மூன்றாம் மாதம் நின்றுவிட்டது. நமக்கு உண்மையாகவே ஆள் தேவைப்பட்ட நேரம் அதுதான்.

பள்ளிக்கூடத்தை விட்டு நிற்பது என்று யாரும் ஒரு நாள் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை, தம்பி. நானும் செய்யவில்லை. அப்பா எஸ்டேட்டுக்குப் போயே ஆக வேண்டும். நீ சின்னவன். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் இருக்கிறேன் என்றுதான் இருந்தேன். அடுத்த நாள் அம்மாவுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த நாள் சனிக்கிழமை. திங்கட்கிழமை பாவாடை சட்டையைத் தேய்த்து வைத்திருந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். முதல் வாரம் சிநேகிதிகள் வந்து வீட்டுப்பாடம் சொன்னார்கள். இரண்டாம் வாரம் டீச்சர் போன் செய்தார். மூன்றாம் வாரம் யாரும் கேட்கவில்லை. பிறகு போக நினைத்தபோது பாடம் எங்கேயோ போயிருந்தது. வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லி என்ன ஆச்சு என்று கேட்பார்களே என்ற வெட்கம் வேறு. அம்மா இறந்த பிறகு போயிருக்கலாம். கால் போகவில்லை. இதை உன்மேல் பாரமாக வைக்கவில்லை. நீ படித்ததில் எனக்கு இருக்கிற சந்தோசம் உனக்கே தெரியாது. ரிப்பனைப் பார்த்ததும் நான் ஏன் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றேன் என்று உனக்குப் புரிய வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

நம் வீட்டுக்கு அந்தக் குழு வந்தது அந்த மூன்றாம் மாதத்துக்குப் பிறகுதான். ஊரில் அவர்களை மெத்தைக்காரவுக என்றுதான் சொல்வார்கள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குத் தண்ணீர் மெத்தையும் கட்டிலும் இரவலாகக் கொடுப்பார்கள், வாரம் ஒருமுறை சிஸ்டர் வந்து புண்ணைச் சுத்தம் செய்வார், முடிந்த மாதம் மளிகைச் சாமானும் கொடுப்பார்கள். கட்டிலின் கால்மாட்டுப் பலகையில் சிவப்புப் பெயிண்டில் குழுவின் பெயரும் அன்பளிப்பு என்ற எழுத்தும் இருந்தன. உன் கூட்டாளிகள் தெருவிலிருந்து பார்த்தால் தெரியும் என்று நீ அந்தக் கட்டிலைத் திருப்பிப் போட்டாய், எழுத்து சுவரைப் பார்க்கிற மாதிரி. அதற்குப் பிறகு அம்மாவால் டிவி பார்க்க முடியவில்லை. மாலையில் நீ வந்தபோது அம்மா மெதுவாகச் சொன்னாள்: “ஏலே, எழுத்த செவத்துப் பக்கம் திருப்பிட்டா, நான் இங்கன படுத்துக் கெடக்கிறது ஊருக்குத் தெரியாதாக்கும்?” நீ அழுதுவிட்டாய். மறுநாள் காலையில் நீயே கட்டிலை மறுபடி திருப்பிப் போட்டாய். சிஸ்டர் எனக்கு அம்மாவைப் புரட்டக் கற்றுக்கொடுத்ததும் அந்த வாரம்தான். ஆளைப் பிடித்துத் தூக்கக் கூடாது, அடியில் விரித்த துப்பட்டியை இரண்டு கையாலும் சுருட்டிப் பிடித்து இழுக்க வேண்டும். “ஷீட்டைப் பிடிச்சா மதி மோளே, ஆளைப் பிடிக்கண்டா” என்பார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அப்படிப் பக்கம் மாற்றிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும்.

சித்தப்பா படுத்திருப்பது, குழு முன்னமே அனுப்பிவைத்த அதே கட்டிலில்தான். சிவப்பு எழுத்து பாதி உரிந்துபோய் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிஸ்டர் புண்ணைத் துடைக்கும்போது நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சித்தப்பா என்னைப் பார்க்கவில்லை, மேலே கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நம் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் அவர் ஏறாத மரம் இல்லை. நமக்கு எத்தனை தடவை இளநீர் வெட்டிக் கொடுத்து, “தம்பிக்கு வழுக்கையா வேணுமா, தண்ணியா வேணுமா” என்று கேட்டிருக்கிறார். வெளியே வந்ததும் கார்த்திகாவிடம் கேட்டேன்.

“ஸ்கூலுக்குப் போகலயா?”

“ரெண்டு வாரந்தாம்க்கா ஆகுது. அப்பாவுக்குப் புண்ணு ஆறட்டும், போயிருவேன்.”

“யாரு நிக்கச் சொன்னா?”

“யாரும் சொல்லல. அம்மா ஏலக்காத் தோட்டத்துக்குப் போகலைன்னா எப்படிச் சாப்புடுறது? விடியுமுன்ன ஜீப்பு வந்துரும்.” பிறகு ரிப்பன் கட்டாத சடையைப் பிடித்துத் திருகிக்கொண்டே கேட்டாள்: “நீங்களும் ஒங்க அம்மாவுக்காகத்தான நின்னீக? அப்புறம் போகவே இல்லையாக்கா?”

நான் சிஸ்டரின் பையைத் தூக்கிக்கொண்டேன். ஆட்டோ வரைக்கும் சிஸ்டரோடு நடந்தேன். பகலில் உட்கார யாரையாவது அனுப்ப முடியாதா என்று அவரிடம் மட்டும் எப்படியோ கேட்டுவிட்டேன். முன்னால் அப்படி ஒரு அம்மாளைக் குழு வைத்திருந்ததாம். இதுபோன்ற வீடுகளில் பகல் முழுக்க இருந்து பார்த்துக்கொள்ள, சம்பளம் கொடுத்து. இப்போது முடியவில்லை. வெளியூரில், வெளிநாட்டில் எங்கிருந்தோ பணம் வருகிறது என்று ஊரில் பேசுகிறார்களே, அப்படி ஒன்றும் இல்லை தம்பி. ஒரு வாழைக்காய் வியாபாரி, இரண்டு வாத்தியார்கள், பஞ்சும் துணியும் கொடுக்கிற ஒரு மருந்துக்கடைக்காரர், பெட்ரோலுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு ஓட்டுகிற அந்த ஆட்டோக்கார அண்ணன், அவ்வளவுதான் குழு. வாழைக்கு விலை விழுந்ததும் வியாபாரி கைவிரித்தார். ஒரு வாத்தியார் மாற்றலாகிப் போனார். போனதும் அந்த அம்மாளை நிறுத்த வேண்டி வந்தது. “பிறந்தநாளுக்கு ஒருக்கா கொண்டு வந்து தருவாங்க மோளே, சந்தோஷம்தான். ஆனா புண்ணு எல்லா வாரமும் உண்டு” என்றார் சிஸ்டர். யாரையும் குறை சொல்லாமல்தான் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார். அங்கேயும் ஒருவர் படுத்திருந்தார்.

அந்த வாரம் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். சிஸ்டரிடம் குழுவின் உண்டியல் டப்பா ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சின்னமனூர் சந்தைப் பக்கம் போய் நின்றேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று பஸ்ஸில் வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். நின்ற பிறகு அந்த வார்த்தை வரவில்லை. டப்பாவைக் குழந்தையைப் பிடிப்பதுபோல வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தேன், அதிலிருந்த எழுத்தும் யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரு பெரியவர் வந்து, “என்னத்தா, லாட்டரிச் சீட்டா?” என்றார். இல்லை என்று தலையாட்டினேன். “அப்ப கோயில் கொடையா?” அதற்கும் தலையாட்டினேன். டீக்கடைக்காரர் உள்ளேயிருந்து, “அந்தப் புள்ள காலையில இருந்து அங்கன தலைய மட்டும் ஆட்டிக்கிட்டு நிக்கிது. வாயத் தெறந்து கேட்டாத்தானத்தா போடுவாக” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. அவரே ஒரு டீயும் கொடுத்தார், காசு வாங்கவில்லை, டப்பாவில் கொஞ்சம் போட்டார். நான் பயந்ததுபோல யாரும் என்னை விரட்டவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள் என்றுதான் தோன்றியது. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. வீட்டுக்கு வந்து டப்பாவை அம்மா படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். பேசத் தெரிந்த ஒருத்தி அந்த வீட்டுக்கு மூன்றாம் வீட்டில் பிறந்திருந்தால் கார்த்திகாவுக்கு நல்லதாகப் போயிருக்கும் என்று நினைத்தேன்.

கார்த்திகாவின் அம்மா செல்வி சித்தியை, ஜீப் இறக்கிவிடும் இடத்தில் மறித்துப் பேசிப் பார்த்தேன். ஏலக்காய் மணமும் ஈர மண்ணுமாக, நிற்க முடியாமல் நின்றார். கார்த்திகாவைப் பற்றி ஆரம்பித்ததுமே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “நானாத்தா நிப்பாட்டுனேன்? அவளாத்தான், நான் இருக்கேம்மா, நீ போங்கிறா. வேணாம், நீ ஸ்கூலுக்குப் போன்னு சொல்ல என் வாயில வர மாட்டேங்குது. சொல்லிட்டா, ஆர இருக்கச் சொல்றது?” என்றார். பிறகு, நான் கேட்காமலே, “தெனமும் நாளைக்கிச் சொல்லீரணும்னுதான் ஜீப்புல வாரேன்” என்றார். அம்மா என்னைப் பார்த்த பார்வை அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அம்மாவும் தினமும் நாளைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்திருப்பாள்.

மறுநாள் தோட்டத்தில், திராட்சைப் பந்தலுக்கடியில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். கத்தரிக்கோலைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கையெல்லாம் பழச்சாறு பிசுபிசுக்க, நானாகப் பேச்சை எடுத்தேன். நானாகப் பேச்சை எடுத்ததே அங்கே ஒரு செய்தி. “சின்னராசு சித்தப்பா வீட்டுல…” என்றதும், பேச்சியக்கா சோற்று உருண்டையைக் கீழே வைத்துவிட்டு, “ஏத்தா, ஒனக்குப் பேச்சு வருமா? இம்புட்டு நாளு நான் ஒன்னய ஊமைன்னுல்ல நெனச்சேன்” என்றார். எல்லாரும் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்தேன். பிறகு கார்த்திகா நின்றுவிட்டதைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

“பாவம், செல்வி ஒத்தையா கெடந்து அல்லாடுறா” என்றார் ஒருவர்.

“போய்ப் பாக்கணும்னுதான் நானும் இருக்கேன்” என்றார் பேச்சியக்கா. “விழுந்த அன்னிக்கி ஓடுனேன். அப்புறம் ஒரு தடவ டப்பா ஒண்ணு வாங்கிக்கிட்டுப் போனேன். மறுக்காப் போகணும்னா கையில ஏதாச்சும் வேணும்ல? வெறுங்கைய வீசிக்கிட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத்தா போறது?”

“அதான், அதான்” என்றார்கள் மற்றவர்கள். ஒருவர், இந்தச் சம்பளம் வரட்டும் என்று இருக்கிறாராம். இன்னொருவர் மகள் வீட்டு விசேஷத்துக்குச் செய்முறை செய்ய வேண்டியிருந்ததால் தள்ளிப் போட்டாராம். அந்தப் பந்தலுக்கடியில் இருந்த எல்லாரும் அந்த வீட்டை நினைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். கையில் ஒன்றும் இல்லாததால் ஒருவரும் போகவில்லை. நானும் அதனால்தான் போகவில்லை. படுத்திருக்கிற மனிதர் வேண்டாத டப்பாவை எதிர்பார்த்துக் கிடப்பதுபோல, அதை வாங்கக் காசு சேரட்டும் என்று மூன்று வீடு தள்ளி நான் உட்கார்ந்திருந்தேன். நம் வீட்டு டிவி மேலே டப்பாக்களை அடுக்கி வைத்தவளுக்கே இது தோன்றவில்லை.

நான் போய் உட்காரட்டுமா என்று கேட்டேன். அதற்குப் பேச்சியக்கா, “வயசுப் புள்ள, ஆம்பளையப் பொரட்டப் போறேன்கிற. ஊரு என்னமும் சொல்லும்த்தா” என்றார். துப்பட்டியைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும், ஆளைத் தொட வேண்டியதில்லை என்று சொன்னேன். சொல்லும்போது முகமெல்லாம் சூடாகிவிட்டது. “அப்படியா?” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போனார். தோட்டத்து மேஸ்திரி வேலைக்குக் கூப்பிட்டார், எல்லாரும் எழுந்துவிட்டோம். அதற்கு மேல் பேச என்னால் முடியவில்லை.

உனக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான் தம்பி. பெரிய சம்பளம் வரட்டும், அப்புறம் செய்வோம் என்று இருக்காதே. உன் பட்டறையில் முதல் சம்பளம் வந்ததும் எனக்குச் சேலை எடுக்க நினைப்பாய், எனக்குத் தெரியும். எடு, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூடவே, நம் குழுவுக்கோ, நீ இருக்கிற ஊரில் இதுபோல ஏதாவது குழு இருந்தால் அதற்கோ, மாதாமாதம் உன்னால் விடாமல் கொடுக்க முடிகிற சின்னத் தொகை எதுவோ அதைக் கொடு. அது ஒரு சினிமா டிக்கெட் அளவுக்கு இருந்தாலும் போதும். நீ கொடுப்பது குறைவு என்று வெட்கப்படாதே. ஒரேயடியாகக் கொடுத்துவிட்டுப் போகிறவரை வைத்து அவர்களால் ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைக்க முடியாது. மாதம் தவறாமல் வருகிற கொஞ்சம் பேர் இருந்தால், இந்த மாதம் ஒரு அம்மாளைச் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பலாம் என்று சிஸ்டர் தைரியமாகச் சொல்வார். அந்த அம்மாள் வந்து உட்கார்ந்தால் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போகும். கொடுப்பதற்கு முன் விசாரித்துக்கொள், யார் நடத்துகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று கேள். கேட்பதில் தப்பில்லை, நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உன் அறையில் இருக்கிற பையன்களிடமும் சொல். உனக்கு என்னைப் போல இல்லை, நன்றாகப் பேச வரும்.

கொடுக்கவே முடியாத மாதமும் வரும். அப்போது வெறுங்கையோடு போ. யாராவது படுத்திருந்தால், யாருக்காவது கஷ்டம் என்றால், வாசலில் நின்று என்ன வேண்டும் என்று கேட்காதே. ஒன்றும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், நாமும் அப்படித்தான் சொன்னோம். எந்த நேரம் நான் வந்து உட்காரட்டும் என்று கேள். அவர்கள் கொடுக்கிற காப்பியைக் குடிக்காதே, அல்லது நீயே போட்டுக் குடி.

இதையெல்லாம் உனக்கு எழுதிவிட்டால் எனக்கு வழி தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்குத் தெரியவில்லை. தோட்டத்துக்குப் போகாவிட்டால் எனக்கும் அன்றைய கூலி கிடையாது. ஒரு நாள் விட்டுக்கொடுக்கலாம். இரண்டு நாள் சமாளிக்கலாம். திராட்சை வெட்டு நடக்கும்போது தொடர்ந்து வராதவளை மேஸ்திரி வைத்துக்கொள்ள மாட்டார். சித்தப்பாவுக்குப் புண் ஆறினாலும் எழுந்து நடக்கப் போவதில்லை என்று சிஸ்டர் என்னிடம் சொல்லிவிட்டார், கார்த்திகாவிடம் சொல்லவில்லை. என் ஒரு நாள் அவர் படுத்துக் கிடக்கப்போகிற வருசங்களுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. டப்பா இன்னும் அம்மா படத்துக்குக் கீழேதான் இருக்கிறது, டீக்கடைக்காரர் போட்டது மட்டும் உள்ளே ஆடுகிறது. ஆனால் மூன்றாம் வாரம் முடிந்துவிட்டால் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியைக் கால் மறந்துவிடும் என்று எனக்குத் தெரியும். அது இந்தத் தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நேற்றுக் காலையில் ஜீப்பின் ஹாரன் கேட்டு, செல்வி சித்தி ஏறிப் போகிற வரை காத்திருந்தேன். பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு போனேன். கையில் ஒன்றும் இல்லை. ஒரு துண்டைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தாவணி நுனியைப் பிடித்துக்கொண்டே மூன்று வீடு நடந்தேன். கார்த்திகா அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா விழித்திருந்தார். “நான் இன்னைக்கு இங்கன இருக்கேன் சித்தப்பா” என்றேன். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

கட்டில் கம்பியில் முடிச்சு இறுகிப் போயிருந்தது. பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது. போணியையும் அவிழ்த்து இறக்கினேன். ரிப்பன்களை முழங்காலில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி நீவினேன், சுருக்கம் முழுதாகப் போகவில்லை. கார்த்திகாவை என் முன்னால் உட்கார வைத்து, எண்ணெய் தொட்டு, வகிடு எடுத்து, இரண்டு சடை போட்டு மடித்துக் கட்டினேன். அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். திரும்பாதே, கோணலாகிவிடும் என்றேன். அவள் பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கியபோது, முக்கில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற வேன் வந்து நின்று, பேச்சியக்கா என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. நான் துப்பட்டியின் ஓரத்தை இரண்டு கையாலும் சுருட்டிப் பிடித்து, சித்தப்பாவை என் பக்கமாக இழுத்தேன்.